கன்மேனின் துப்பாக்கி, முதலாளியின் பொறுப்பு

தேனி மாவட்டத்தில் வேலை நேரத்தில் துப்பாக்கி ஏந்துகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அவர்களுக்குள் வகை பல. வங்கி வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் முன்னாள் ராணுவத்தினர் ஒரு வகை. ஏ.டி.எம்.களுக்குப் பணம் கொண்டுசெல்லும் வேனின் காவலர் இன்னொரு வகை. ரொக்கமும் நகையும் புழங்கும் தொழிலில் இருந்துகொண்டு, சட்டைக்குள் ரிவால்வரோடு கடைக்கு வரும் உரிமையாளர் உண்டு. மலை மேல் ஏலத்தோட்டத்தில் காட்டுப்பன்றியை விரட்ட நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர் உண்டு. காட்டுக்குள் ரோந்து போகும் வனத்துறை அலுவலரும் இந்தக் கணக்கில் சேர்வார். இவர்கள் கையிலிருக்கும் துப்பாக்கிக்கான உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். வேலை வேறொருவருடையதாக இருக்கும். குண்டு பாய்ந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்ற கேள்வி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கின் தொழில் அமைப்பு இந்தக் கேள்வியைக் கூர்மையாக்குகிறது. போடிநாயக்கனூரிலும் கம்பத்திலும் குடியிருப்பவர்களின் ஏலத்தோட்டங்கள் போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் குமுளிக்கும் அப்பால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கின்றன. 2019 ஆகஸ்டில் இடுக்கியின் புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலைக்கு ஒரு மூட்டை சரக்கு ஒரு நகைப் பெட்டிக்குச் சமம். விலை ஏறும் காலங்களில் இரவோடிரவாக ஏலக்காய்ச் சரத்தை அறுத்துப் போகும் திருட்டும் ஏறும், காவலுக்கு ஆள் வைக்கும் பேச்சும் ஏறும். ஆள் வைக்கும்போதே "லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிற ஆளா?" என்று கேட்கும் பழக்கமும் அதோடு வருகிறது.

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் உரிமை அல்ல. அரசு தரும் அனுமதி. 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் அந்த அனுமதியின் எல்லைகளை வகுக்கின்றன. தேனியில் விண்ணப்பம் மாவட்ட ஆட்சியரிடம் போகும். காவல் நிலைய அறிக்கை, மருத்துவச் சான்று, ஆயுதத்தைக் கையாளும் பயிற்சிக்கான சான்று எல்லாம் வேண்டும். 21 வயது நிரம்பாதவருக்கும், வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்று ஐந்து ஆண்டு கடக்காதவருக்கும் கிடைக்காது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். உரிமம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். படையினரும் காவல்துறையினரும் பயன்படுத்தும் 9 மி.மீ. பிஸ்டல் தடை செய்யப்பட்ட ரகம் என்பதால், தனியார் இடுப்பில் இருக்கும் கைத்துப்பாக்கி பெரும்பாலும் .32 ரகம்தான்.

உரிமத்தில் நான்கு விஷயங்கள் பிணைந்திருக்கின்றன: ஆள், ஆயுதம், நோக்கம், பரப்பு. நோக்கம் தற்காப்பு என்றால் தற்காப்பு. பயிர்க் காவல் என்றால் பயிர்க் காவல். பரப்பு தமிழ்நாடு என்றிருந்தால் போடிமெட்டுச் சோதனைச் சாவடி வரைதான் அது செல்லும். போடியில் உரிமம் வாங்கியவர் சாந்தன்பாறையில் இருக்கும் தன் சொந்தத் தோட்டத்துக்கே ரிவால்வரைக் கொண்டுபோக வேண்டுமென்றாலும், கேரளத்துக்கும் செல்லுபடியாகும்படி பரப்பை விரிவாக்கி வாங்கியிருக்க வேண்டும். தோட்டம் சொந்தமாக இருப்பது இங்கே கைகொடுக்காது.

மறைத்து எடுத்துச் செல்வது குறித்து இந்திய விதி சொல்வது பலருக்கும் வியப்பாக இருக்கும். அமெரிக்காவில் துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்வதற்குத் தனி அனுமதி கேட்கும் மாநிலங்கள் உண்டு. இங்கே நிலைமை தலைகீழ். 2016 விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உடலோடு பொருத்திய உறையிலோ அதற்கேற்ற பையிலோதான் எடுத்துச் செல்ல வேண்டும். அது முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும். எடுத்துச் செல்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெளியே தெரியும்படி தூக்கிக் காட்டுவதுதான் குற்றம். ஆக, இடுப்பில் மறைந்திருக்கும் ரிவால்வர் மறைந்திருக்கிறது என்பதாலேயே சட்டவிரோதம் ஆகிவிடாது. ஊர் கண்ணுக்குத் தெரியாமல் வைக்கச் சொல்லும் இந்த விதியை, வேலை கொடுத்தவருக்கே தெரியாமல் வைத்துக்கொள்ளலாம் என்று நீட்டிக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

எங்கெல்லாம் கொண்டுபோகக் கூடாது என்பதும் உரிமத்தின் நிபந்தனைகளிலேயே இருக்கிறது. திருவிழா, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிலைய வளாகம் ஆகியவற்றுக்கு ஆயுதம் கொண்டுபோகக் கூடாது. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில் கடை போட்டிருப்பவர், வசூல் பணத்துக்குப் பாதுகாப்பு என்று சொல்லி ரிவால்வரைச் செருகிக்கொண்டு போக முடியாது. கல்லூரி வாசலில் துப்பாக்கியோடு காவலரை நிறுத்த விரும்பும் நிர்வாகமும் இந்த வரியை முதலில் படிக்க வேண்டும். நிபந்தனையை மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை சிறியதுதான். ஆனால் அதைத் தொடர்ந்து உரிமம் ரத்தாகலாம். துப்பாக்கியை நம்பி வேலை பார்க்கிறவருக்கு அதுதான் பெரிய அடி.

மலையடிவாரத்துக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிய துப்பாக்கி உரிமம் கொடுப்பதற்கு, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு தேவை. ஏற்கெனவே உரிமம் வைத்திருந்தவர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும். சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். கிழக்கே மேகமலை, மேற்கே குமுளிக்கு அப்பால் பெரியாறு என்று இரு பக்கமும் காடு நெருக்கும் பள்ளத்தாக்கில் பத்து கிலோமீட்டர் என்பது பெரிய பரப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்ட பிறகு வனத்துறையின் கண்காணிப்பும் கூடியிருக்கிறது.

தற்காப்புக்காக முறைப்படி உரிமம் பெற்ற ஒரு கணக்குப்பிள்ளை தன் ரிவால்வரோடு அலுவலகத்துக்கு வரலாமா? ஆயுதச் சட்டத்தில் அதற்குத் தனித் தடை இல்லை. ஆனால் வளாகம் முதலாளியுடையது. அதற்குள் எது வரலாம், எது வரக்கூடாது என்று முடிவு செய்யும் அதிகாரம் அவருக்கு உண்டு. பணி விதிகளில் ஆயுதத்துக்குத் தடை என்று ஒரு வரி இருந்தால் போதும், உரிமம் இருக்கிறது என்று தொழிலாளி வாதாட முடியாது. அரசு தந்த உரிமம் அரசின் தண்டனையிலிருந்துதான் காக்கும். வேலை ஒப்பந்தத்திலிருந்து காக்காது. அமெரிக்காவில் இதே பிரச்சினை வேறு திசையில் போனது. 2002இல் ஓக்லஹோமா மாநிலத்தின் ஒரு காகித ஆலையில், வாகன நிறுத்தத்தில் நின்ற கார்களுக்குள் துப்பாக்கி வைத்திருந்த தொழிலாளர்கள் வேலை நீக்கப்பட்டார்கள். அதையடுத்து, பூட்டிய காருக்குள் துப்பாக்கி வைப்பதை முதலாளி தடுக்கக் கூடாது என்று அம்மாநிலம் சட்டம் இயற்றியது. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தையே உறுதி செய்தது. பிறகு பல மாநிலங்கள் அதே வழியில் போயின. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் வர இடமில்லை, ஏனெனில் இங்கே காக்கப்பட வேண்டிய 'துப்பாக்கி உரிமை' என்று ஒன்றே இல்லை. முதலாளியின் வாய்மொழித் தடையே செல்லும். எழுத்தில் இருந்தால் நீதிமன்றத்தில் நிற்கும்.

நடைமுறையில் குழப்பம் அதிகமாக இருப்பது கணக்குப்பிள்ளை விஷயத்தில் அல்ல, கன்மேன் விஷயத்தில். படையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர் தன் பெயரில் ஒரு பன்னிரண்டு போர் (12 bore) துப்பாக்கிக்கு உரிமம் வாங்குகிறார். உரிமத்தில் நோக்கம் தற்காப்பு என்று இருக்கும். அந்தத் துப்பாக்கியோடு அவரை ஒரு ஏஜென்சி வேலைக்கு எடுக்கிறது; ஏஜென்சி அவரை ஒரு கிளைக்கோ கடைக்கோ அனுப்புகிறது. துப்பாக்கி இல்லாத காவலரைவிட அவருக்குச் சம்பளம் கூடுதல். வெளியே பார்த்தால் எல்லாருக்கும் லாபம். உள்ளே பார்த்தால், தன்னைக் காத்துக்கொள்ள அரசு தந்த ஆயுதம் மற்றவர் பணத்தைக் காக்கும் கூலிக் கருவியாகிவிட்டது. உரிமத்தின் நோக்கத்துக்கும் அன்றாட வேலைக்கும் இருக்கும் இந்த முரண் நாடு முழுவதும் கண்டும் காணாமல் விடப்படுகிறது. விபத்து நடந்தபின் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கையில் எடுப்பது இதைத்தான்.

முறையான வழி வேறு. தனியார் பாதுகாப்பு முகமைகளை 2005ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அதன்படி உரிமம் இல்லாமல் ஏஜென்சி நடத்த முடியாது. மத்திய மாதிரி விதிகளின்படி காவலருக்கு 100 மணி நேர வகுப்புப் பயிற்சியும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் வேண்டும்; முன்னாள் படையினருக்கும் முன்னாள் காவல்துறையினருக்கும் இது குறைவு. ஏஜென்சிக்கான இந்த உரிமம் ஆயுதத்துக்கான உரிமம் ஆகாது. ஆயுதச் சட்டத்தின் கீழ் நிறுவனத்தின் பேரிலோ, உரிமம் பெற்றவருக்காக ஆயுதம் ஏந்தும் காவலரின் பெயரை உரிமத்திலேயே சேர்த்தோ தனியாக அனுமதி பெற வேண்டும். அப்படிச் சேர்க்கப்பட்டவரை 'ரிடெய்னர்' என்பார்கள். அவர் வேலையை விட்டுப் போனால் பெயரும் நீக்கப்பட வேண்டும். புதிதாக வந்தவர் பழையவரின் துப்பாக்கியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்வது உரிமமில்லாமல் ஆயுதம் வைத்திருப்பதாகவே கருதப்படும். அதற்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை.

கைமாற்றுவது சின்ன விஷயமாகத் தோன்றும். முதலாளி சாப்பிடப் போகிறார். ரிவால்வரை டிரைவரிடம் கொடுத்து, "வங்கிக்குப் பணம் கட்டிவிட்டு வா, இதையும் வைத்துக்கொள்" என்கிறார். இது எவ்வளவு ஆபத்தான வாக்கியம் என்பது ஆயுதச் சட்டத்தின் மூன்றாவது பிரிவைப் படித்தால் தெரியும். உரிமம் இல்லாத ஒருவர் துப்பாக்கியைத் தூக்கலாம். ஆனால் உரிமம் உள்ளவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அல்லது எழுத்து அனுமதி தந்திருக்க வேண்டும். அதுவும் பழுது பார்க்க, உரிமம் புதுப்பிக்க, அல்லது உரிமதாரரே பயன்படுத்த என்ற மூன்று காரணங்களுக்கு மட்டும். வங்கிக்குப் போகும் டிரைவர் இந்த மூன்றிலும் அடங்க மாட்டார். டிரைவர் உரிமமில்லாமல் ஆயுதம் வைத்திருந்த குற்றத்தில் சிக்குவார். வைத்திருக்கத் தகுதி இல்லாதவரிடம் ஆயுதத்தைக் கொடுத்த குற்றத்தில் முதலாளி சிக்குவார். துப்பாக்கி தன் கையில் அப்போது இல்லை என்று அவர் சொல்லித் தப்பவும் முடியாது. ஆயுதம் வேறிடத்தில் இருந்தாலும் அது பற்றிய அறிவும் அதன் மீதான கட்டுப்பாடும் ஒருவருக்கு இருந்தால் அது அவர் வசம் இருப்பதாகவே பொருள் என்று குன்வந்த்லால் வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

முதலாளிகள் அதிகம் கேள்விப்படாத இரண்டு பிரிவுகள் அதே சட்டத்தில் இருக்கின்றன. ஒன்று 33ஆவது பிரிவு. குற்றம் செய்தது நிறுவனம் என்றால், அச்சமயம் அதன் தொழிலுக்குப் பொறுப்பாக இருந்த ஒவ்வொருவரும் குற்றவாளியாகக் கருதப்படுவார். தனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க உரிய கவனம் எடுத்தேன் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். இயக்குநர், மேலாளர் ஆகியோரின் அலட்சியம் காரணம் என்றால் அவர்களும் சேர்வார்கள். மற்றொன்று 35ஆவது பிரிவு. பலர் சேர்ந்து பயன்படுத்தும் கட்டடத்திலோ வாகனத்திலோ ஆயுதக் குற்றம் நடந்தால், ஆயுதம் அங்கே இருப்பதை அறிந்திருந்த ஒவ்வொருவரும் தாமே அந்தக் குற்றத்தைச் செய்ததுபோல் பொறுப்பாவார். எஸ்டேட் பங்களாவின் அலமாரியில் கள்ளத் துப்பாக்கி இருப்பது மேலாளருக்கும் மேஸ்திரிக்கும் தெரிந்திருந்தால், 'வாட்ச்மேனுடையது' என்ற பதில் போதாது. தெரியாதது போல் இருந்துவிடுவது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு பிரிவுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: ஒன்று தெரிந்தவரைத் தண்டிக்கிறது, மற்றது தெரிந்துகொண்டிருக்க வேண்டியவரை.

இனி, சுடும் அதிகாரம். சீருடையும் துப்பாக்கியும் காவலருக்குத் தனி அதிகாரம் எதையும் தருவதில்லை. தெருவில் போகும் எவருக்கும் இருக்கும் தற்காப்பு உரிமைதான் அவருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, தன் உடலையும் பொருளையும் மட்டுமின்றிப் பிறருடையதையும் காக்கும் உரிமையை அங்கீகரிக்கிறது. ஆனால் பொருளைக் காக்க உயிரை எடுக்கும் அளவு போகலாமா என்பதற்கு எல்லை கறாரானது. கொள்ளை, இரவில் வீடு புகுதல், தீ வைப்பு போன்றவற்றில் அந்த உரிமை உண்டு. வெறும் திருட்டில், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அச்சம் இருந்தால்தான் உண்டு. சரத்தை அறுத்துக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டவருக்கு அது கிடைக்காது. பிடித்து வைத்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். கைதவறி வெடித்து யாராவது இறந்தால், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு ஐந்து ஆண்டு வரை சிறை.

குற்ற வழக்கு சுட்டவரோடு நிற்கலாம். நட்ட ஈட்டு வழக்கு அப்படி நிற்பதில்லை. வேலையாள் தன் வேலையின் போக்கில் செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பு என்பது பழைய கொள்கை. கைச்சுத்தமான முதலாளியும் இதில் சிக்குவார். அவர் தவறு செய்தாரா என்பதே கேள்வி அல்ல. ஆட்களைத் தன் லாபத்துக்காக வெளியே அனுப்புகிறவர் அவர்களால் வரும் நஷ்டத்தையும் ஏற்க வேண்டும் என்பதுதான் அதன் நியாயம். எது வேலையின் போக்கு, எது இல்லை என்பதில்தான் வழக்குகள் சுழல்கின்றன. ஒரு நிறுவனத்தின் மேலாளர் கம்பெனி காரில் வெளி ஆளை ஏற்றிச் சென்றபோது விபத்தில் அந்த ஆள் இறந்த வழக்கில், 1977இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தையே பொறுப்பாக்கியது. புஷ்பாபாய் உதேசி வழக்கு அது. அதற்கு முன் 1966இல் சீதாராம் மோதிலால் கலால் வழக்கில், வாடகைக்கு ஓட்டக் கொடுத்த காரை ஓட்டுநர் இன்னொருவரின் ஓட்டுநர் தேர்வுக்குக் கொடுத்தபோது நடந்த விபத்துக்கு உரிமையாளர் பொறுப்பல்ல என்று சொன்னது. இரண்டும் கார் வழக்குகள்தான். துப்பாக்கிக்கும் அளவுகோல் இதுவே.

அதனால் காவல் பணியின்போது கைதவறிச் சுட்ட கன்மேனுக்காக நிறுவனம் பதில் சொல்லும் என்பதில் அதிகச் சந்தேகமில்லை. கோபத்தில் சுட்டால்? 2021 ஜூனில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் ஒரு வங்கிக் கிளையின் காவலர், முகக்கவசத் தகராறில் வாடிக்கையாளரைச் சுட்டார். வாசலில் யாரை விடுவது என்று தீர்மானிப்பதே அவர் வேலை. தகராறும் அந்த வேலையிலிருந்தே முளைத்தது. இதுபோன்ற நிகழ்வை 'சொந்தக் கோபம்' என்று ஒதுக்குவது கடினம். இங்கிலாந்தில் 2003இல் மேட்டிஸ் எதிர் போலக் வழக்கில், கிளப் வாசல் காவலர் வீட்டுக்குப் போய்க் கத்தி எடுத்து வந்து குத்தியதற்கே கிளப் உரிமையாளர் பொறுப்பாக்கப்பட்டார், ஏனெனில் முரட்டுத்தனத்தை ஊக்குவித்து அவரை அந்த வேலையில் வைத்திருந்தது உரிமையாளரே. இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாத தீர்ப்புதான்; ஆனாலும் 'முரட்டு ஆள்தான் காவலுக்கு நல்லது' என்று பேசும் முதலாளிகள் தெரிந்துகொள்ள வேண்டியது.

'அவர் என் ஆள் இல்லை, ஏஜென்சி ஆள்' என்பது அடுத்த வாதம். அதற்கு ஓரளவே மதிப்பு உண்டு. அன்றாடம் எங்கே நிற்பது, எப்போது போவது, யாரைத் தடுப்பது என்று உத்தரவு போட்டவர் யார் என்று நீதிமன்றம் பார்க்கும். உத்தரவு கிளை மேலாளருடையது என்றால் ஏஜென்சியின் சம்பளச் சீட்டு காப்பாற்றாது. அதைத் தவிர முதலாளிக்கு நேரடியாகவே ஒரு கடமை உண்டு: ஆபத்தான பொருளைக் கையாள ஆள் எடுக்கும்போது விசாரித்து எடுக்க வேண்டும். உரிமத்தின் நகலை வாங்கிப் பார்க்காமல், அதன் காலாவதி, பரப்பு, நோக்கம் எதையும் கேட்காமல் ஒருவரை நிறுத்தியிருந்தால், அது ஏஜென்சியின் பிழையோடு சேர்ந்த தன் பிழை. இறந்தவரின் குடும்பம் 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டப்படி இருவர் மீதும் வழக்குப் போடலாம். ஏஜென்சியிடமிருந்து பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், அது அவர்களுக்குள் இருக்கும் கணக்கு. பாதிக்கப்பட்டவரை அது கட்டுப்படுத்தாது.

குண்டு காவலர் மீதே பாய்ந்தாலோ, கொள்ளையரால் அவர் இறந்தாலோ வேறொரு சட்டம் வருகிறது. 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் உள்ளடக்கம் இப்போது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் இருக்கிறது. இதில் முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதே இல்லை. வேலையிலிருந்து, வேலையின்போது விளைந்த விபத்து என்றால் போதும். மரணத்துக்கான கணக்கு: மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கான காரணி எண்ணால் பெருக்க வேண்டும். சம்பளத்துக்கு 2020இல் 15,000 ரூபாய் உச்சவரம்பாக அறிவிக்கப்பட்டது. ஐம்பது வயதுக் காவலருக்குக் காரணி 153.09 என்பதால் தொகை சுமார் பதினொன்றரை லட்சம். போதையில் இருந்தார், பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறினார் என்ற எதிர்வாதம் பிற காயங்களுக்குத்தான். மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அது எடுபடாது. ஒப்பந்ததாரரின் ஆளாக இருந்தாலும் முதன்மை முதலாளி கொடுத்துவிட்டுப் பிறகு வசூலித்துக்கொள்ள வேண்டும். இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்குள் வருபவருக்கு மட்டும் அந்தக் கழகம் பார்த்துக்கொள்ளும். புதிய தொகுப்பு வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழி விபத்தையும், வேலையோடு தொடர்பு இருந்தால், சேர்த்துக்கொள்கிறது. ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறும் தொழிலாளர்களுக்கு இது பெரிய மாற்றம். அந்த ஜீப்பில் பயிர்க் காவல் துப்பாக்கியும் ஏறினால் முதலாளிக்குக் கவலை இரட்டிப்பு.

தோட்டத்தில் துப்பாக்கி என்றால் பேச்சு காட்டுப்பன்றியில்தான் வந்து நிற்கும். பயிர்க் காவலுக்கு முன்வாய் வழியாகக் கருமருந்து இட்டு நிரப்பும் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் தர ஆயுதச் சட்டமே இடம் வைத்திருக்கிறது. ஆனால் அந்த உரிமம் விலங்கைக் கொல்லும் உரிமம் அல்ல. சத்தம் எழுப்பி விரட்டலாம், சுட்டு வீழ்த்த வன உயிரினச் சட்டத்தின் அனுமதி தனியாக வேண்டும். எல்லைக்கு இருபுறமும் நடைமுறை வேறு. கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, உரிமத் துப்பாக்கி உள்ளவர்களைக் கொண்டு பன்றியைச் சுட வழி செய்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் அறிவித்த முறையில், காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் மட்டும் வனத்துறையினர் சுடலாம். மலையின் அந்தப் பக்கம் செல்லும் பழக்கத்தை இந்தப் பக்கமும் நினைத்துக்கொண்டு "பன்றி வந்தால் போட்டுவிடு" என்று சொல்லும் தோட்டக்காரர், தன் காவலரை வேட்டைக் குற்றத்துக்கே ஏவுகிறார். இருட்டில் பன்றி என்று நினைத்து மனிதர் மீது சுட்டுவிட்டால், சுடச் சொன்ன உத்தரவே வழக்கில் முதல் சாட்சியமாகும்.

துப்பாக்கியோடு வேலைக்கு ஆள் வைக்கும் மிகப் பெரிய முதலாளி அரசுதான். பணியில் இருக்கும் அரசு ஊழியருக்கு ஆயுதச் சட்டத்தின் உரிமத் தேவை பொருந்தாது. அதனால் பொறுப்பு போய்விடுமா? 2023 அக்டோபர் இறுதியில் தேனி மாவட்டக் கூடலூரை அடுத்த வண்ணாத்திப்பாறைக் காட்டில் வனத்துறையினர் சுட்டதில் ஒரு விவசாயி உயிரிழந்தார். தாக்க வந்தபோது தற்காப்புக்காகச் சுட்டதாக வனத்துறை சொன்னது. குடும்பத்தார் அதை ஏற்கவில்லை. இப்படிப்பட்ட மரணங்களில் அரசு எந்த அளவு பதில் சொல்ல வேண்டும் என்பதில் சட்டம் நேர்கோட்டில் வரவில்லை. 1962இல் வித்யாவதி வழக்கில், அரசு ஜீப் மோதி இறந்தவருக்கு ராஜஸ்தான் அரசு பொறுப்பு என்றது உச்ச நீதிமன்றம். மூன்றே ஆண்டில், கஸ்தூரிலால் வழக்கில், காவல் அதிகாரம் போன்ற இறைமைப் பணியில் நடந்த தவறுக்கு அரசு பொறுப்பல்ல என்று பின்வாங்கியது. 1993இல் நீலாபதி பெஹரா வழக்கில் காவலில் இறந்த இளைஞரின் தாய்க்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வழங்கி, உயிருரிமை மீறப்பட்டால் இறைமை என்ற கேடயம் நிற்காது என்று தெளிவாக்கியது. இன்று தேனி மாவட்டத்துக்காரர் இதே கோரிக்கையோடு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகலாம். தனியார் முதலாளிக்கும் அரசுக்கும் இருக்கும் வேறுபாடு, அரசு ஊழியர் மீது குற்ற வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி தேவைப்படலாம் என்பதுதான். அந்த வேறுபாடு சின்னதல்ல.

உரிமத் துப்பாக்கிகள் மொத்தமாக வெளியே வருவது தேர்தல் காலத்தில். நடத்தை விதிகள் அறிவிக்கப்பட்டதும் காவல் நிலையத்தில் ஆயுதங்களை ஒப்படைக்க உத்தரவு வரும். மாவட்ட அளவிலான ஆய்வுக் குழு யாருக்கு விலக்கு என்று தீர்மானிக்கும். வங்கிக் காவலர்களுக்கு வழக்கமாக விலக்கு கிடைக்கிறது. ஆனால் நிறுவனத்தின் பேரில் உரிமம் இருந்தால்தான் அதைக் காட்டுவது எளிது. தன் தற்காப்பு உரிமத்தோடு வங்கி வாசலில் நிற்கும் காவலரின் துப்பாக்கி, காகிதத்தில் ஒரு தனிமனிதரின் துப்பாக்கிதான். அவர் அதைக் காவல் நிலையத்தில் வைத்து ரசீது வாங்கிக்கொண்டு கம்போடு திரும்பும்போதுதான், இத்தனை நாள் எந்த ஏற்பாட்டின் மீது வாசல் நின்றது என்பது கிளை மேலாளருக்குத் தெரியவரும்.

காவலர் இறந்தாலோ, உரிமம் காலாவதியானாலோ, ரத்தானாலோ துப்பாக்கியைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவு. வாரிசுகள் தங்கள் பேரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். கிடைக்கும்வரை அதை வைத்திருக்க முடியாது. ஓய்வு அறையில் மறந்துபோன துப்பாக்கிக்கும் இதே விதிதான்: எடுத்துப் போக ஆள் வரும்வரை வைத்திருந்தோம் என்ற மேலாளர், அந்த இடைப்பட்ட நாட்களில் உரிமமில்லாமல் ஆயுதம் வைத்திருந்தவர் ஆகிறார்.